செங்கமலம் டிரைவிங் ஸ்கூல்

செங்கமலத்தில் ‘செ’ உரிந்து வந்துவிட்டது. ‘ங்’ வர மாட்டேன் என்றது. மங்கையர்க்கரசி பாதியாக ஒடித்த பிளேடை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு காரின் கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மண்ணெண்ணெயில் நனைத்த துணி ஒரு பக்கம், வாளித் தண்ணீர் ஒரு பக்கம், சிமெண்டுத் தரை உச்சிவெயிலில் காய்ந்து உள்ளங்காலைச் சுட்டது. செங்கமலம் என்பது அவளுடைய மாமியார் பெயர். செத்துப் பத்து வருஷம் ஆகியும் மாமியார் போகவில்லை, இரண்டு கதவிலும் பின்கண்ணாடியிலும் கூரைப் பலகையிலும் சிவப்பு எழுத்தாக ஒட்டிக்கொண்டு புதுக்கோட்டை முழுவதும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தாள், செங்கமலம் டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்குப் பெண் ஆசிரியர் உண்டு. அந்தப் பெண் ஆசிரியருக்குப் பெயர் கிடையாது. உண்டு, அவ்வளவுதான், கடைவாசலில் சூடான பால் உண்டு என்று எழுதிப்போடுவார்களே அந்த மாதிரி உண்டு. பிளேடு வழுக்கிக் கட்டைவிரலில் ஒரு கோடு போட்டது, இரத்தம் வருவதற்கு முன்னால் மண்ணெண்ணெய் போய் எரிந்தது, எரியட்டும் என்று இன்னும் அழுத்திச் சுரண்டினாள். மூன்று மணிக்கு வண்டியை எடுத்துப்போக ஆள் வரும் என்று காலையில் ஃபைனான்ஸ் ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் பண்ணியிருந்தாள், ரொம்ப மரியாதையான குரல், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி. “வண்டிக்குள்ள உங்க சொந்தச் சாமான் ஏதும் இருந்தா எடுத்துடுங்க மேடம், போர்டு, ஸ்டிக்கர் எல்லாம் கிளியர் பண்ணிட்டீங்கன்னா எங்களுக்கு ஈசியா இருக்கும்.” அவர்களுக்கு ஈசியாக இருக்கவேண்டும். எல்லோருக்கும் ஈசியாக இருக்கவேண்டும், அதற்குத்தான் மங்கையர்க்கரசி பிறந்திருக்கிறாள். ஜன்னல் சாத்திய முன்னறைக்குள் ஃபேன் டக் டக் என்று சுற்றும் சத்தம் வெளியே கேட்டது. புருஷன் கதிரேசன் உள்ளே இருந்தார். நாற்பது நாளாக உள்ளேயே இருந்தார்.

நாற்பது நாளைக்கு முன்னால்தான் அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துத் திவாலான விஷயம் அவளுக்குத் தெரியும், அதுவும் அவர் சொல்லி இல்லை, கடன் கொடுத்த அரிசிக் கடைக்காரர் கோர்ட்டு நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்று, என்னம்மா உன் புருஷன் இந்த வேலை பண்ணிட்டான் என்று கேட்டபோதுதான் தெரியும், அந்த நிமிஷம் அவள் கையில் என்ன இருந்தது, கொத்தமல்லிக் கட்டு, அதன் வேர் மண்ணோடு சேலையில் ஒட்டிக்கொண்டிருந்தது, அந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே உட்காருங்கண்ணே என்று சொன்னாள், யாரைப் பார்த்தாலும் உட்காருங்க என்று சொல்கிற வாய். வியாபாரத்தில் நொடித்தவன் மஞ்சள் கடுதாசி கொடுப்பான், பருத்தி வாங்கி விற்றவன், கடலை மில் வைத்தவன். இவர் எந்த வியாபாரத்தில் நொடித்தார்? காலை ஒன்பதே காலுக்குச் பங்குச் சந்தையைப் பார்க்கச் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார், மாலை மூன்றரைக்கு எழுந்திருப்பார். நடுவில் பச்சைக் கோடு ஏறினால் காப்பி கேட்பார், சிவப்புக் கோடு இறங்கினால் காப்பி ஆறிப்போச்சு என்பார். இரண்டு வருஷம் அந்தக் கோட்டைப் பார்த்தே இன்னும் இரண்டு கார் வாங்கலாம் என்றார், திருமயம் ரோட்டில் கிளை போடலாம் என்றார், அவள் அப்போது வெயிலில் யாரோ ஒரு டாக்டரின் மனைவிக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், ஸ்டீரிங்கைச் சட்டுன்னு ஒடிக்காதீங்க மேடம், கண்ணாடியப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க. சம்பாதித்தது அவள். கணக்கு அவர் கையில். கேட்டால் என்ன சொல்வார் என்பது தெரியும், தெரிந்ததாலேயே கேட்கவில்லை. அரிசிக் கடைக்காரர் போன அன்று ராத்திரி கேட்டாள், எவ்வளவு, யார் யாருக்கு என்று. “நான் இருந்தாத்தான இந்தக் கேள்வி, நாளைக்குக் காலையில ஃபேன்ல தொங்குறேன், அப்புறம் யாரக் கேப்ப?” என்றார். அவள் அன்று தூங்கவில்லை. அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தாள், விடிந்ததும் பழைய நூல்சேலைகளை எல்லாம் சுருட்டி மூட்டையாகக் கட்டிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த வாரம் அதையே இன்னொரு தடவை சொன்னார். அதற்கு அடுத்த வாரம், கார்த் தவணை எத்தனை பாக்கி என்று கேட்டதற்குச் சொன்னார். நாலாவது தடவை சொல்லிவிட்டு, காப்பியை ஒரு வாய் குடித்து, சர்க்கரை பத்தலை என்றார். சாகப் போகிறவனுக்குச் சர்க்கரை பத்தவில்லை. அப்படி நினைத்தவுடனேயே தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டாள், நாளைக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் இந்த நினைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது, நினைத்ததை யார் பார்த்தார்கள் என்று இருக்க முடியுமா. ஆனால் நினைப்பு போகவில்லை. சர்க்கரை பத்தலை. சர்க்கரை பத்தலை. ‘ங்’ ஒருவழியாகக் கிழிந்து வந்தது, மிச்ச எழுத்துகளும் பின்னாலேயே வந்தன, பசை மட்டும் அதே வடிவத்தில் பழுப்பாக நின்றது, இனிமேல் புழுதி படியப் படிய அது இன்னும் தெளிவாகத் தெரியும், வாங்குகிறவன் கஷ்டப்படட்டும் என்று அடுத்த கதவுக்குப் போனாள்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஹேமா டீச்சர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். “என்ன மங்கை, ஸ்டிக்கர எல்லாம் எடுக்குறீங்க, பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?” “ஆமா டீச்சர், சர்வீசுக்குப் போகுது.” பொய் எச்சில் மாதிரி தன்னால் ஊறி வந்தது. நாற்பது நாளில் எத்தனை பொய். அவரு ஊருல இல்ல. திருச்சி போயிருக்காரு. காய்ச்சல், படுத்திருக்காரு. போன் ரிப்பேர். வாசலுக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்று சொன்னாள், சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதாகவும் இருந்தது, சிட்பண்ட் அம்மாளுக்குத் திருச்சி, பெட்ரோல் பங்க்காரருக்குக் காய்ச்சல், ஒருநாள் இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு முதுகில் இன்னும் இருக்கிறது. அவர் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார், ஆள் போனபிறகு, “திருச்சின்னு ஏன் சொன்ன, மெட்ராஸ்னு சொல்லியிருக்கலாம்ல, நாளைக்கே வர முடியாதுல்ல” என்று திருத்துவார். திருத்துவார்! ஹேமா டீச்சர் நம்பவில்லை என்பது அவள் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு நின்ற தினுசிலேயே தெரிந்தது. பார், நன்றாகப் பார், இன்னும் அரைமணி நேரத்தில் இதைவிட நன்றாக இருக்கும், முறுக்கு எடுத்துக்கொண்டு வந்து உட்கார். இதே டீச்சருக்கு மூன்று மாதம் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள், எதிர்வீடு என்று பாதிப் பணம்தான் வாங்கினாள், எட்டாம் நாள் பஸ் ஸ்டாண்டு வளைவில் கியரைப் போடத் தெரியாமல் ஸ்டீரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டவள் இவள். அப்போது பிரேக்கை மிதித்தது யார்.

பெடலைக் கழற்றவேண்டும். அதுதான் மிச்சம். மங்கையர்க்கரசி இடதுபக்கக் கதவைத் திறந்து, இருக்கையைப் பின்னால் தள்ளி, தலையைக் கீழே விட்டு மல்லாந்து படுத்தாள். டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும், ஒரு கம்பி அதை டிரைவர் பக்கத்துப் பெடலோடு இணைத்திருக்கும், அது காரோடு வந்ததில்லை, மதுரையில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது, அவள் வளையலை விற்றுச் செய்தது, அதனால் அது கம்பெனிக்காரனுக்குக் கிடையாது, கொடுக்க மாட்டாள். ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டு துருப்பிடித்து அசையவில்லை. இந்தப் பக்கத்தில் ஸ்டீரிங் கிடையாது. பதினோரு வருஷம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாள், திருப்ப முடியாது, ஹாரன் அடிக்க முடியாது, வேகம் கூட்ட முடியாது, மோதப் போகிற நேரத்தில் நிறுத்த மட்டும் முடியும். முதல் வருஷம் எல்லாம் வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட வலதுகால் தானாகத் தரையை அழுத்தும், பஸ்ஸில் போனால் முன்சீட்டின் கம்பியில் பாதம் போய் ஊன்றும், தூக்கத்தில் அழுத்தி அவர் முழங்காலை இடித்து அவர் கத்தியிருக்கிறார். ஒரு கன்னியாஸ்திரி வந்தாள், ரெஜினா சிஸ்டர், வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் சிலுவை போடுவாள், கிளட்சை விடும்போது ஏசுவே என்பாள், ஒருநாள் குளத்தங்கரையில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடிவந்தபோது ஏசு வருவதற்கு முன்னால் மங்கையர்க்கரசியின் கால் வந்தது. சிஸ்டர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள், உங்க கால்ல விழணும்போல இருக்கு என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொன்னாள், சந்தோஷமாக, மூச்சு விடாமல், அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், “பிரேக் ஷூ தேஞ்சிடும், பாத்து மிதி” என்றார். நட்டு சட்டென்று அசைந்து கொடுத்தது, துருத்தூள் கண்ணில் விழுந்தது, கண்ணை மூடிக்கொண்டே திருகினாள். கண்ணுக்குள் சிவப்பு. இவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ, ஃபேன் சத்தம் நின்ற மாதிரி இருக்கிறதே, தலையைத் தூக்கிக் காது கொடுத்தாள், இல்லை, சுற்றுகிறது, டக், டக். ஒரு நொடி நெஞ்சு காய்ந்து போனதற்காக அவர்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. நாற்பது நாளாக இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவள் குளிக்கிறாள், மாவாட்டுகிறாள், கடைக்குப் போனால் ஓட்டமாகத் திரும்புகிறாள், ஒரு மனுஷியை ஃபேன் சத்தத்தில் கட்டிப்போட முடியும் என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது. மஞ்சள் கடுதாசி அவருக்கு உண்டு. என்னால் முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்று நீதிபதி முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. பெண்டாட்டிக்கு அப்படி ஒரு கடுதாசி எந்த நிறத்தில் இருக்கிறது.

பெடல் இரண்டும் கம்பியும் கழன்று மடியில் வந்து விழுந்தன, எண்ணெயும் மண்ணும் பூசிய கனமான இரும்பு, சாக்கில் போட்டு வராந்தாவில் வைத்தாள். டேஷ்போர்டைத் திறந்து உள்ளே இருந்ததை எல்லாம் வாரி எடுத்தாள். யாரோ விட்டுப்போன கொண்டை ஊசிகள், பிசுபிசுத்த இருமல் மாத்திரை, பிளாஸ்டிக் பிள்ளையார், கறுப்புக் கண்ணாடி, எப்போதோ வாங்கின கடலைமிட்டாய். பின்சீட்டு இடுக்கில் விரலை விட்டால் ஒற்றைக் கம்மல். எந்தப் பெண்ணுடையது, கவரிங்தான், இருந்தாலும் தேடியிருப்பாள், வீட்டில் திட்டு வாங்கியிருப்பாள். இந்தச் சீட்டைப் பிளேடால் கிழித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, பஞ்சு வெளியே வரும். அந்த வாளித் தண்ணீரை அப்படியே டீசல் டாங்கில் ஊற்றலாம், மூன்று மணிக்கு வருகிறவன் சாலைக்குப் போகட்டும், எஞ்சின் அடைத்துக்கொள்ளும், நடுரோட்டில் நிற்பான், பின்னால் லாரிக்காரன் அம்மாவை இழுத்துத் திட்டுவான். பிரேக் குழாயில் ஒரு ஸ்பேனர் அரைத் திருப்பு. அவளுடைய கை அந்த நினைப்பிலிருந்து தானே பின்வாங்கியது, சூடு பட்ட மாதிரி. அதைமட்டும் முடியாது. யார்மேல் கோபம், யார் சாவது. வருகிறவன் யாரோ சம்பளக்காரன், அவன் வீட்டில் யாரோ ஒருத்தி சோறு வடித்து வைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பிளேடு இன்னும் கையில் இருந்தது, சீட்டின் தையலில் அதன் முனையை வைத்து ஒரு விரற்கடை கிழித்தாள், இரண்டு விரற்கடை, நூல் டிக் டிக் என்று அறுந்தது, நெஞ்சில் ஏதோ குளிர்ந்தது, பிறகு வெட்கமாக இருந்தது, பிறகு வெட்கப்பட்டதற்காகக் கோபம் வந்தது. கேட்டுக்கு வெளியே பைக் வந்து நின்றது. மணி மூன்று ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

இரண்டு பேர். ஓட்டி வந்தவன் பைக்கைவிட்டு இறங்கவில்லை, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து இறங்கியவருக்கு நாற்பது வயதிருக்கும், சட்டையை இன் பண்ணி, கக்கத்தில் ஃபைல். “வணக்கம் மேடம், என் பேரு அருளப்பன், ஃபைனான்ஸ்ல இருந்து வர்றேன். சார் இருக்காரா?” உள்ளே ஃபேன் நின்றது. அவர் நிறுத்தியிருக்கிறார், ஆள் இருப்பது தெரியக்கூடாது என்று. அவளுடைய வாய் ஏற்கெனவே திறந்துவிட்டது, “அவரு மெட்ராஸ் போயிருக்காரு.” “பரவாயில்ல மேடம். நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்.” ஏன் போதும் என்று அவள் கேட்கவில்லை, சாவியை நீட்டினாள். அருளப்பன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், பசைத் தடங்களைப் பார்த்தார், கிலோமீட்டரைப் பார்த்துக் குறித்தார், செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்தார், சீட்டில் இருந்த கிழிசலையும் பார்த்தார், அதையும் எழுதினார். நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தார், அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது, கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தலாம். ஃபைலைக் காரின் முன்மூடிமேல் விரித்து வைத்து, பேனாவின் மூடியைத் திறந்து அவளிடம் கொடுத்தார்.

“இந்த லிஸ்ட்ல கீழ ஒரு கையெழுத்து மேடம். பழைய பேப்பர்ல போட்ட மாதிரியே போட்டுடுங்க, இல்லேன்னா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க.”

“எந்தப் பழைய பேப்பர்ல?”

அவர் நாலைந்து தாளைப் புரட்டி ஒன்றை விரலால் அழுத்திக் காட்டினார். ஜாமீன்தாரர் என்று அச்சடித்திருந்தது. அதற்கு எதிரே அவளுடைய பெயர், அவளுடைய ஆதார் எண், அவளுடைய போட்டோ. போட்டோவில் ரெஜினா சிஸ்டர் கொடுத்த நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். அந்தப் போட்டோ எடுத்தது போன தைமாதம், இன்சூரன்ஸ் புதுப்பிக்க ரெண்டு போட்டோ வேணும் என்று அவர்தான் கூட்டிப்போனார், தலையைச் சீவிக்க என்று சீப்பைக்கூடப் பையில் எடுத்து வந்திருந்தார், வருஷக்கணக்கில் அவர் அவளுக்குச் சீப்பு எடுத்துக்கொடுத்ததில்லை, வரும் வழியில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார், இவ்வளவு பிரியமாக இருக்கிறாரே என்று அவள் வீடு வரும்வரை அந்த இனிப்பை நாக்கில் வைத்துக்கொண்டு வந்தாள். போட்டோவுக்குக் கீழே கையெழுத்து. இங்கிலீஷில், ஓடுகிற எழுத்தில், கடைசி எழுத்துக்கு வால் போட்டு, வாலுக்கு அடியில் இரண்டு புள்ளி. அவள் ஒரு நாளும் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டதில்லை. தமிழில், ம-வில் தொடங்கி சி-யில் முடிகிற வரை ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் பழகின மாதிரி முழுப்பெயரும் எழுதுவாள், நீளமாக இருக்கு, சுருக்கிப் போடேன் என்று அவரே கேலி பண்ணுவார்.

“இதுக்கு என்ன அர்த்தம் சார்?” என்று கேட்டாள். தெரிந்தேதான் கேட்டாள். காது கேட்கவேண்டும் போல் இருந்தது.

அருளப்பன் குரலைத் தாழ்த்தினார். “சார் ஐ.பி., அதான் மஞ்சக் கடுதாசி, குடுத்துட்டாருல்ல மேடம், இனிமே அவரை நாங்க நேரடியா ஒண்ணும் கேக்க முடியாது. வண்டி ஏலத்துல போனது போக மிச்சம் நிக்கிறது ஜாமீன் போட்டவங்க பொறுப்பு. இந்த ஒரு வண்டின்னு இல்ல, மூணு லோனுக்கும் நீங்கதான் போட்டிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?”

மூன்று. பேனா விரலுக்கிடையில் வழுக்கியது, கட்டைவிரல் வெட்டு மறுபடி கசிந்து பேனாவில் பட்டது. திருமயம் ரோட்டில் கிளை, இரண்டு கார், பச்சைக் கோடு. அவர் தப்பித்துப் போய்விட்டார். மெட்ராசுக்கும் இல்லை, திருச்சிக்கும் இல்லை, அந்த இருட்டு அறையிலேயே உட்கார்ந்துகொண்டு தப்பித்துவிட்டார், போகும்போது அவளை வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஜன்னல் கதவின் இடுக்கில் துணி அசைந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு வால் போட்டு, அடியில் இரண்டு புள்ளி வைத்தால் போதும், அருளப்பன் போய்விடுவார், ஹேமா டீச்சர் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள், உள்ளே ஃபேன் மறுபடி சுற்றும், அவர் ரசம் கேட்பார். ஆயுசு முழுக்க அடைக்கலாம். வேறொரு ஸ்கூலில் சம்பளத்துக்குப் போய் அடைக்கலாம். போடவில்லை என்றால்? போடவில்லை என்றால் கள்ளக் கையெழுத்து என்று ஆகும், போலீஸ் என்று ஆகும், அவர் உடனே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ஸ்டூலை இழுப்பார், இழுக்கிற சத்தம் கேட்கும்படி இழுப்பார். இல்லை, நிஜமாகவே இழுத்தால். நிஜமாகவே இழுத்தால் அவள் கொன்றவள், ஊர் அப்படித்தான் சொல்லும், அவளும் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள், விடிய விடியச் சொல்லிக்கொள்வாள். கால் தரையை அழுத்தியது. வலதுகால், சிமெண்டுத் தரையை, குதிகாலிலிருந்து விரல்வரை, அழுத்த அழுத்தத் தரை அசையவில்லை. ஏலத்தில் போகிற கார் அவளுக்கு முன்னால் நின்றது, வெயிலில் கண் கூசியது. சீப்பு எடுத்து வந்தாரே. அதுதான் போகமாட்டேன் என்றது. பணத்தைத் தொலைத்தார், போகட்டும், பொய் சொல்ல வைத்தார், போகட்டும், கையெழுத்தைத் திருடினார், அதைக்கூட ஏதோ ஒரு நாளில் போகட்டும் என்று விட்டுவிடுவாளாயிருக்கும், இந்த வாய்க்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் போட்டோ நன்றாக விழவேண்டும் என்று சீப்பைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தை நேரா வை மங்கை என்று சொல்லி, ரோஸ்மில்க்கில் ஸ்ட்ராவைப் போட்டு நீட்டினாரே.

அவள் பேனாவை மூடி ஃபைலின் மேல் வைத்தாள்.

“இது என் கையெழுத்து இல்ல.”

அருளப்பன் நிமிர்ந்து பார்த்தார். “மேடம், யோசிச்சுச் சொல்லுங்க. இது சின்ன விஷயம் இல்ல. அப்படின்னா நான் ஆபீசுக்கு எழுதிக் குடுக்கணும்.”

“எழுதிக்குங்க. மூணுலயும் என் கையெழுத்து இல்ல. அவரு மெட்ராஸ் போகல. நான் பொய் சொன்னேன். உள்ளதான் இருக்காரு.”

பைக்கில் இருந்தவன் கழுத்தைத் துடைப்பதை நிறுத்தினான். வீட்டுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. அவள் ஸ்டூல் சத்தத்துக்காகக் காத்திருந்தாள், காது வலிக்கிற அளவுக்குக் காத்திருந்தாள், ஓடிப்போய்க் கதவைத் தட்டிவிடலாமா, இல்லையென்று சொல்லிவிடலாமா, தப்பாகச் சொல்லிவிட்டேன் சார், என் கையெழுத்துதான், மறந்துவிட்டேன் என்று. வார்த்தை நுனிநாக்குவரை வந்து நின்றது. அப்போது தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. கதிரேசன் கைலியை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்பது நாள் தாடியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கையில் கயிறும் இல்லை, சேலையும் இல்லை. செல்போன் இருந்தது. சந்தை முடிய இன்னும் நேரம் இருந்தது.

“மங்கை,” என்றார், ரொம்ப மெதுவாக, ரோஸ்மில்க் குரலில். “உள்ள வா. பேசிக்கலாம்.”

மாடியில் ஹேமா டீச்சர் இருந்தாள். தெருவில் இன்னும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மங்கையர்க்கரசி எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஃபைலில் அந்தத் தாளை மறுபடி புரட்டி எடுத்து, காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க வந்து பேசுங்க,” என்றாள்.